கவட்டை அரிப்புக்கு முதல் வைத்தியம், அந்த டியூப்பை நிறுத்துவது

கேள்வி கேட்டவருக்கு 27 வயது, நாள் முழுக்க பைக்கில் அலையும் டெலிவரி வேலை. தொடை இடுக்கில் ஆரம்பித்த அரிப்பு ஆறு மாதமாகப் போகவில்லை. மெடிக்கலில் கேட்டு வாங்கிய க்ரீமைப் போட்டால் நாலு நாளில் அடங்குகிறது, விட்டால் முன்பைவிட அதிகமாகத் திரும்புகிறது. இப்போது விரைப்பையும் எரிகிறது. டெட்டால் கலந்து கழுவிப் பார்த்திருக்கிறார், எரிச்சல் கூடியதுதான் மிச்சம். தப்பான தொடர்பு எதுவும் கிடையாது, தை மாதம் கல்யாணம், இது "அந்த மாதிரி" நோயா, வரப்போகிற மனைவிக்கு ஒட்டுமா என்று கேட்கிறார்.

தம்பி, நான் தோல் மருத்துவன். உங்கள் கதையை ஓ.பி.யில் தினமும் கேட்கிறேன், வயதும் வேலையும்தான் மாறும். அதனால் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் இது படர்தாமரை, அதாவது ஃபங்கஸ். அதன்மேல் தவறான க்ரீம் போட்டு உருமாறிப்போன படர்தாமரை. நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் "போட்டால் அடங்குகிறது, விட்டால் திரும்புகிறது" என்ற ஒரே வரி எனக்கு அந்த டியூப்பைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டது.

அந்த டியூப்பை எடுத்து, பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பெட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன், இவற்றில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு க்ரீம். கூடவே ஒரு ஃபங்கஸ் மருந்தும், நியோமைசின் மாதிரி ஒரு ஆன்டிபயாடிக்கும் சேர்த்திருப்பார்கள். மூன்றும் நான்கும் ஒரே டியூப்பில், என்ன நோயாக இருந்தாலும் ஏதாவது ஒன்று வேலை செய்யட்டும் என்ற கணக்கு. பெயர்களில் ஒரு குழப்பம் உண்டு, கவனியுங்கள்: குளோபெட்டசால் ஸ்டீராய்டு, க்ளோட்ரிமசோல் ஃபங்கஸ் மருந்து. கடையில் வாயால் சொல்லி வாங்கும்போது இந்த இரண்டும் எளிதில் மாறிப்போகும்.

ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கிவிடும், அதுதான் அதன் வேலை. ஆனால் அந்த அரிப்பும் சிவப்பும் ஃபங்கஸை எதிர்த்து உங்கள் தோல் நடத்தும் சண்டையின் அடையாளம். சண்டையை நிறுத்திவிட்டால் ஃபங்கஸ் நிம்மதியாகப் பரவும். மேலே பார்த்தால் ஆறிய மாதிரி இருக்கும், க்ரீமை நிறுத்திய மூன்றாம் நாள் தொடையில் இருந்தது இடுப்புக்கும் பிட்டத்துக்கும் போயிருக்கும். சாதாரணப் படர்தாமரைக்கு ஓரம் தெளிவாக இருக்கும், சிவந்து சற்றே மேடாக, செதிலோடு, நடுவில் ஆறியது போல. ஸ்டீராய்டு பட்ட படர்தாமரையில் அந்த ஓரமே அழிந்துபோகும், இல்லாவிட்டால் வட்டத்துக்குள் வட்டமாக வரும், பார்க்கிற மருத்துவரையே ஏமாற்றும். மாதக்கணக்கில் போட்டவர்களுக்குத் தொடை இடுக்கில் வயிற்றுப் பிரசவ வரிகள் போல அகலமான கோடுகள் விழுந்துவிடும். ஃபங்கஸை ஆற்றிவிடலாம், அந்தக் கோடுகள் போகவே போகாது. இருபது வயதுப் பையன்கள் இந்தக் கோடுகளோடு வந்து நிற்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது, அந்தப் பையன்கள் மேல் அல்ல.

2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. தோல் மருத்துவர்கள் பல வருஷம் போராடி வாங்கிய மாற்றம் அது. இருந்தும் இன்றைக்கு எந்தத் தெருமுனையிலும் "அரிப்புக்கு ஒரு க்ரீம்" என்று கேட்டால் இதுதான் கைக்கு வருகிறது.

விரைப்பை ஏன் எரிகிறது என்பதற்கு வருகிறேன். உடம்பிலேயே மருந்தை அதிகமாக உள்ளே இழுக்கும் தோல் அது. 1967ல் அமெரிக்காவில் ஹைட்ரோகார்ட்டிசோனை வைத்து அளந்தபோது, முன்கைத் தோலைவிட விரைப்பைத் தோல் 42 மடங்கு அதிகமாக உறிஞ்சியது. கையில் தடவினால் ஒன்றும் செய்யாத அளவு அங்கே பெரிய டோஸ். வாரக்கணக்கில் வீரியமான ஸ்டீராய்டு பட்டால் அந்தத் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிய, பளபளவென்று சிவந்து, அரிப்பு போய் எரிச்சலாக மாறும். ஜட்டி பட்டாலே காந்தும். அதற்கும் அதே க்ரீமைத் தடவினால் ஒரு மணி நேரம் சுகமாக இருக்கும், அப்புறம் இன்னும் எரியும். படர்தாமரை பொதுவாகத் தொடை இடுக்கையும் தொடையின் உள்பக்கத்தையும்தான் பிடிக்கும், விரைப்பையை அவ்வளவாகத் தொடாது. அதனால் உங்கள் விரைப்பை எரிச்சல் ஃபங்கஸால் வந்ததைவிட டியூப்பாலும் டெட்டாலாலும் வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சரி, இன்றைக்கு என்ன செய்வது? அந்த க்ரீமை நிறுத்துங்கள். நிறுத்திய முதல் வாரம் மோசமாகத்தான் இருக்கும், சிவப்பும் அரிப்பும் கூடும், அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பயந்துபோய் மறுபடி டியூப்பைத் தேட மாட்டீர்கள். உடம்பில் பெரிய பரப்பில் மாதக்கணக்கில் போட்டிருந்தால் மட்டும் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி நிறுத்துங்கள், உள்ளே போன ஸ்டீராய்டு உடம்பின் சொந்தச் சுரப்பையே மந்தப்படுத்தியிருக்கலாம். டெட்டால், சாவ்லான், சந்தனம், எலுமிச்சை, பூண்டு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பூண்டை அரைத்து வைத்துக் கட்டினால் தோல் வெந்துபோகும், கொப்புளத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வண்டுகொல்லி இலை படர்தாமரைக்குப் பழைய வைத்தியம்தான், ஆனால் ஏற்கெனவே மெலிந்து எரிகிற விரைப்பையில் எந்த இலையையும் போட்டுத் தேய்க்காதீர்கள். சாலிசிலிக் ஆசிட் கலந்த களிம்பும் சொட்டு மருந்தும் அங்கே ஆகவே ஆகாது, தோல் உரிந்து வந்துவிடும்.

தினமும் ஒரு தடவை, வெயில் காலத்தில் இரண்டு தடவை, வெறும் தண்ணீரும் கொஞ்சம் மென்மையான சோப்பும் போதும். முன்தோலைப் பின்னுக்குத் தள்ளி உள்ளே தண்ணீரால் மட்டும் கழுவுங்கள், மொட்டுப் பகுதிக்கு சோப்பே வேண்டாம். கழுவிவிட்டு முன்தோலை மறுபடி முன்னுக்குக் கொண்டுவருவதை மறக்காதீர்கள். அப்புறம் ஒற்றி ஒற்றித் துடையுங்கள், துண்டால் அழுத்தித் தேய்க்காதீர்கள். ஈரம் போகாமல் ஜட்டி போடுவதுதான் பாதிப் பிரச்சினை. குளித்துவிட்டு ஐந்து நிமிஷம் லுங்கியோடு ஃபேன் காற்றில் உட்காருங்கள். எரிச்சலுக்கு சாதாரண பெட்ரோலியம் ஜெல்லியோ ஜிங்க் ஆக்சைடு களிம்போ மெல்லியதாகத் தடவலாம். குளுகுளு பவுடர் வேண்டாம், வெந்த தோலில் அதன் மென்தால் இன்னும் எரியும்.

ஃபங்கஸுக்குத் தனி மருந்து மட்டும் உள்ள க்ரீம் வேண்டும்: க்ளோட்ரிமசோல், லூலிகோனசோல், டெர்பினஃபின், கீட்டோகோனசோல் போன்றவை, வேறெதுவும் கலக்காதது. தெரிகிற இடத்தில் மட்டும் போடாமல் ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை தடவ வேண்டும், ஏனென்றால் ஃபங்கஸ் கண்ணுக்குத் தெரியாமல் வெளிப்பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கும். ஆறிய பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். முக்கால்வாசிப் பேர் அரிப்பு நின்றதும் நிறுத்திவிடுகிறார்கள், திரும்ப வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்களுக்கு ஆறு மாதம் ஆகிவிட்டதால் க்ரீம் மட்டும் போதாது, மாத்திரை தேவைப்படும் என்றுதான் நினைக்கிறேன். இங்கேதான் நிலைமை மாறியிருக்கிறது. ஒரு காலத்தில் இரண்டு வாரம் டெர்பினஃபின் மாத்திரை போட்டால் படர்தாமரை போய்விடும். இப்போது இந்தியாவில் பரவியிருக்கும் வகை அப்படி அடங்குவதில்லை. 2020ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைத் தனி இனமாகப் பிரித்து டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள், அவர்கள் ஆராய்ந்தது இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் போன நோயாளிகளிடம் எடுத்த பூஞ்சையை. டெர்பினஃபின் தாக்கும் இடத்தில் ஒரு சின்ன மரபணு மாற்றம், அதனால் மருந்து பிடிப்பதில்லை. இன்றைக்கு ஐரோப்பா, அமெரிக்கா வரை போய்விட்டது. அதனால் இப்போது நாங்கள் அதிகம் எழுதுவது இட்ராகோனசோல், அதுவும் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம். இதைக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். இதய பலவீனம் உள்ளவர்களுக்குக் கூடாது, சில கொழுப்பு மாத்திரைகளோடு சேரக்கூடாது, ஈரலையும் கவனிக்க வேண்டும். சாதாரண இட்ராகோனசோல் கேப்சூலை வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே போட வேண்டும், காலையில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை போடுகிறவராக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், வயிற்றில் அமிலம் குறைந்தால் இந்த மருந்து ஏறாது. "மாத்திரையும் கேட்கவில்லை" என்று வருகிறவர்களில் ஒரு பகுதிப் பேருக்கு விஷயம் இவ்வளவுதான்.

அப்புறம் ஒன்று, இதை யாரும் சொல்வதில்லை: உங்கள் அரைஞாண் கயிறு. கட்டியிருக்கிறீர்களா? கறுப்புக் கயிறு வருஷக்கணக்கில் வியர்வையில் ஊறி, சோப்புத் தண்ணீரில் நனைந்து, என்றைக்குமே முழுதாகக் காயாமல் இடுப்பில் கிடக்கிறது. ஃபங்கஸ் ஒளிந்திருக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. வயிற்றைச் சுற்றிக் கயிற்றின் தடத்திலேயே படர்தாமரை ஓடியிருப்பதை எத்தனையோ பேரிடம் பார்க்கிறேன். சிகிச்சை முடியும்வரை கழற்றிவிடுங்கள், வீட்டில் பெரியவர்கள் கோபித்துக்கொண்டால் முடிந்த பிறகு புதுக் கயிறு கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள், வேண்டுமானால் வெள்ளியில் கட்டிக்கொள்ளுங்கள்.

துணி விஷயத்திலும் இதே கண்டிப்பு வேண்டும். ஜட்டியைக் குளியலறைக் கம்பியிலோ மற்ற துணிகளுக்கு அடியில் மறைத்தோ காயப்போடும் பழக்கம் நம் ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. வெயிலில், உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிக் காயப்போடுங்கள். மழைக்காலத்தில் இஸ்திரி போடுங்கள். உங்கள் துணியையும் துண்டையும் வீட்டார் துணியோடு ஒரே பக்கெட்டில் ஊறவைக்காதீர்கள், சுடுதண்ணீரில் தனியாக அலசுங்கள். பைக் ஓட்டுகிறவருக்கு ஜீன்ஸ் எதிரி, நனைந்தால் நாள் முழுக்கக் காயாது. தொளதொளவென்ற பருத்தி பேன்ட் போடுங்கள், மதியம் மாற்ற ஒரு ஜட்டி பையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாதத்தையும் பாருங்கள், விரலிடுக்கு வெளுத்து உரிகிறதா? சேற்றுப்புண் மாதிரித் தெரிவதும் ஃபங்கஸாக இருக்கலாம், ஜட்டியைக் காலில் நுழைக்கும்போது அது மேலே ஏறிவரும். அப்படி இருந்தால் முதலில் சாக்ஸ் போட்டுவிட்டு அப்புறம் ஜட்டி போடுங்கள். வீட்டில் அண்ணன், அப்பா, யாருக்காவது அரிப்பு இருந்தால் அவர்களுக்கும் சேர்த்துச் சிகிச்சை நடக்க வேண்டும், இல்லாவிட்டால் இது வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்தப் பதிலைப் படிக்கும் மற்றவர்களுக்கு: கவட்டை அரிப்பெல்லாம் படர்தாமரை இல்லை.

இரவில் மட்டும் உயிரை எடுக்கும் அரிப்பு, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் தொப்புளைச் சுற்றியும் பொரி, ஆணுறுப்பிலும் விரைப்பையிலும் கடினமான சிவந்த முடிச்சுகள், வீட்டில் இன்னொருவரும் சொறிகிறார் என்றால் அது சிரங்கு, தோலுக்குள் குடியிருக்கும் ஒரு பூச்சி. ஃபங்கஸ் மருந்து ஒன்றும் செய்யாது. 5 சதவீத பெர்மெத்ரின் க்ரீமைக் கழுத்து முதல் கால் விரல்வரை இரவு தடவிக் காலையில் குளிக்க வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடி. வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் போட வேண்டும், அரிப்பு இல்லாதவர்களும்கூட. பூச்சி செத்த பிறகும் அந்த முடிச்சுகள் சில வாரம் அரிக்கும், அதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று மறுபடி மறுபடி தடவாதீர்கள்.

முன்தோலின் உள்ளே சிவந்து, தயிர்த்திப்பி மாதிரி வெள்ளையாகப் படிந்து, முன்தோல் நுனியில் சின்னச் சின்னதாக நெடுக்கு வெடிப்பு விழுந்தால், க்ரீமுக்கு முன்னால் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். நாற்பதைத் தாண்டிய எத்தனையோ பேருக்கு நீரிழிவு இருப்பதே இந்த வெடிப்பால்தான் தெரியவருகிறது. ஏற்கெனவே சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் மாத்திரைப் பட்டையையும் பாருங்கள். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் இரண்டும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை, அதனால் அங்கே கேண்டிடா என்ற இன்னொரு ஃபங்கஸ் வளரும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்யும் மருந்து, நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு முறை சிறுநீர் கழித்த பிறகும் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்தாலே பாதி குறையும், மீதியை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் பேசுங்கள்.

மொட்டில் திடீரென்று ஒரு வட்டம், கருஞ்சிவப்பாக எரிந்து, தோல் உரிந்து, பிறகு கறுத்துப்போய் நிற்கிறது, சில மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி. இதைப் பார்த்து எய்ட்ஸ் என்று தூக்கம் தொலைத்தவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் இது மாத்திரை ஒவ்வாமை. வயிற்றுப்போக்குக்குக் கடையில் வாங்கிய மெட்ரோனிடசோல், டினிடசோல், நார்ஃப்ளாக்சசின், சளிக்குப் போட்ட கோட்ரைமாக்சசோல், ஏதோ ஒரு வலி மாத்திரை, இவற்றில் ஒன்று அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். புண் வருவதற்கு முந்தைய ஒன்றிரண்டு நாளில் என்ன மாத்திரை போட்டீர்கள் என்று யோசியுங்கள், கண்டுபிடித்துவிட்டால் அந்த மருந்தின் பெயரை எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

விரைப்பைத் தோல் யானைத்தோல் மாதிரி தடித்துப்போய், கவலையோ தூக்கமின்மையோ வந்தால் அரிப்பு கூடுகிறது என்றால் அது சொறிந்து சொறிந்தே வந்த கரப்பான். ஷேவ் செய்த பிறகு முடிக்கு முடி சீழ்க்கொப்புளம் வந்தால் ரேஸரை விட்டுவிட்டு ட்ரிம்மருக்கு மாறுங்கள். மொட்டின் விளிம்பில் வரிசையாக முத்து முத்தாக இருக்கும் சின்னப் பொரிகள், விரைப்பையிலும் உறுப்பின் தண்டிலும் தெரியும் மஞ்சள் நிற மணல் புள்ளிகள், இவை நோயே இல்லை. இயல்பான தோல் அமைப்பு, யாருக்கும் ஒட்டாது, மருந்தும் வேண்டாம்.

வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாதவை சில. சர்க்கரை உள்ளவருக்கு அந்த இடத்தில் தாங்க முடியாத வலி, வீக்கம், காய்ச்சல், தோல் கறுத்து நாற்றம் என்றால் அது சதையை அழுகவைக்கும் தொற்று, அந்த இரவே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், காலைவரை காத்திருக்கக் கூடாது. பின்னால் போன முன்தோல் முன்னுக்கு வராமல் வீங்கினாலும், விரையில் திடீரென்று கடும் வலி வந்தாலும் அப்படியேதான், விரை முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் காப்பாற்ற நல்ல வாய்ப்பு. வலியில்லாத ஒற்றைப் புண், கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம், சீழ் வடிதல், இவை பால்வினை நோயாக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்தில் ஹெச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத சிவப்புத் திட்டு, வெள்ளையாக இறுகிக்கொண்டே போகும் முன்தோல், இவற்றுக்குச் சதைப் பரிசோதனை தேவைப்படலாம், தள்ளிப்போடாதீர்கள்.

தம்பி, உங்கள் கடைசிக் கேள்வி. இல்லை, படர்தாமரை தப்பான தொடர்பால் வரும் நோய் இல்லை. வியர்வை, ஈரம், துண்டு, துணி, இவ்வளவு போதும் அதற்கு. ஆனால் தோலோடு தோல் பட்டால் மனைவிக்கு ஒட்டும், அதனால் கல்யாணத்துக்கு முன்னால் முடித்துவிடுங்கள். ஆறு முதல் எட்டு வாரச் சிகிச்சை என்பதால் ஐப்பசியிலேயே ஆரம்பித்தால் நிதானமாக முடியும், மார்கழிக் கடைசியில் ஓடிவந்தால் என்னால்கூட எதுவும் செய்ய முடியாது. லாட்ஜில் மாதம் ஒருநாள் முகாம் போடுகிறவரிடம் போகாதீர்கள். நம் நாட்டில் தோல் மருத்துவரும் பால்வினை நோய் மருத்துவரும் ஒரே ஆள்தான், எம்.டி. டி.வி.எல். என்று போர்டில் இருக்கும், இரண்டு சந்தேகத்தையும் ஒரே இடத்தில் கேட்டுவிடலாம். போகும்போது தடவின டியூப்புகளை எல்லாம், காலியானதையும் சேர்த்து, ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். அன்றைக்குக் காலையில் எதையும் தடவாமல் போங்கள். மழுங்கிய பிளேடு ஓரத்தால் அந்த இடத்துச் செதிலைக் கொஞ்சம் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். வலிக்காது, ஃபங்கஸ் இருந்தால் கிளைவிட்ட நூல் மாதிரி அங்கேயே தெரியும். அவர் பார்க்காமலே எழுதிக்கொடுக்க ஆரம்பித்தால், "ஒருதடவை சுரண்டிப் பார்த்துவிடலாமா டாக்டர்" என்று தயங்காமல் கேளுங்கள்.